திருப்பிச் சொன்னால் மார்க் இல்லை

ஒரு சமயம் என் தம்பியும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார்கள். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் முதலில் அவர்கள் பார்க்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக். ஒரே கம்பெனி, ஒரே ஜோடி. வீட்டுக்காரர் மொட்டைமாடிக்கும் மேலே இருக்கிற மோட்டார் அறையில் நிற்பார். தம்பி கட்டடத்தின் அடியில், லிஃப்ட் வந்து இறங்குகிற தளத்துக்கும் கீழே இருக்கிற குழிக்குள் இறங்குவான். கம்பெனியில் அவரை ‘மாடி’ என்றும் இவனைக் ‘குழி’ என்றும்தான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவர்களுடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

மேலே இருப்பவர் கண்ணுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான். நடுவில் இருட்டும் கம்பிக்கயிறும்தான். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை அடுத்தவர் ஒரு எழுத்துகூட மாற்றாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்வரை சொன்னவர் அசையக்கூடாது, விரலைக்கூட எடுக்கக்கூடாது. “மெயின் ஆஃப்” என்று மேலிருந்து குரல் வந்தால் கீழிருந்தும் “மெயின் ஆஃப்”. “நான் கீழ இருக்கேன்” என்று தம்பி கத்தினால், உச்சியில் நிற்கிற என் வீட்டுக்காரரும் “நான் கீழ இருக்கேன்” என்று கத்துவார். சாப்பாடு கொடுக்கப் போன இடத்தில் இதை முதல்முறை கேட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

“சிரிக்காத. ‘நீ கீழ இருக்கே’ன்னு மாத்திச் சொல்ல ஆரம்பிச்சா, மூளை மாத்துற வேலையப் பாக்கும். கேக்குற வேலையப் பாக்காது. அவன் சொன்னது எனக்கு வந்து சேந்துச்சுன்னு அவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. மற்ற விஷயங்களுக்கு வருகிறேன்.

தம்பிக்குப் பெண் பேசப் போனோம். பெண் வீட்டு முன்னறையில் நல்ல மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தையில் உட்கார்ந்தால் என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “எங்க மாப்ள ஊருக்கு நடுவுல மூணு மாடி வீடு கட்டிக்கிட்டிருக்காரு” என்று ஆரம்பித்தார். நான் காலால் இடித்தேன். அதை அவர் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார். முதலாளி இவனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார் என்றார். லிஃப்ட் கம்பெனிகள் எல்லாம் இவனுக்காக அடித்துக்கொள்கின்றன என்றார். தம்பி அப்போது அங்கே இல்லை. ஜன்னலோரம் அந்தப் பெண்ணோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். குழிக்குள் இறங்கும்போது பயமாக இருக்காதா என்று அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் முகத்தில் தனி வெளிச்சம்.

பெண்ணின் அப்பா விசாரித்தார். மூன்று மாடியும் இல்லை, ஒரு மாடியும் இல்லை, அக்கா வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. வீட்டு விஷயத்திலேயே பொய் சொல்கிறவர்கள் வேறு எதில் உண்மை சொல்லப்போகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேச்சு அதோடு முறிந்தது.

“கல்யாணப் பேச்சுன்னா கொஞ்சம் தூக்கித்தான் பேசுவாங்க. தரையில போட்டா பேசுவாங்க?” என்றார் என் வீட்டுக்காரர். தப்பு என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தம்பி சட்டை துணிமணியை மூட்டை கட்டினான். “இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசமாட்டேன். வேலை வேற, இது வேற” என்றான். எதிர்ச்சாரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். என் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் விளக்கு தெரியும். சோற்றைப் பாத்திரத்தில் அடைத்து வாசலில் வைப்பேன், வந்து எடுத்துப்போவான். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்குப் புது வகை லிஃப்ட் வந்தது. அதில் கோளாறு வந்தால் ஒரு சின்னத் திரையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுமாம். ஆகவே மெக்கானிக்குகள் எல்லோரும் அடிப்படை ஆங்கிலம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். இலக்கணம், சொற்பொருள், அணி எல்லாம் உண்டு. லிஃப்டுக்கு அணி எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. ஜோடியில் இரண்டு பேரும் தேறினால் ஜோடி நிலைக்கும். ஒருவர் தவறினால் அவர் கிடங்கு வேலைக்குப் போக வேண்டும். கிடங்கு இருப்பது ரயிலில் ஒரு ராத்திரி போகிற தூரத்தில்.

இப்போதாவது ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘மெயின் ஆஃப்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். தம்பி அவ்வளவு தூரம் போய்விட்டால் அதுவும் நின்றுபோகும். பிறகு பண்டிகைக்குக்கூட வரமாட்டான். கோபத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவான். எங்கள் அம்மா வழியில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

குடும்பத்தில் ஒருவர் உடன் வந்து படிக்கலாம், தேர்வும் எழுதலாம் என்றார்கள். நானும் சேர்ந்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சுவரில் மாட்டிய அட்டையில் இருக்கிற ஆங்கில எழுத்தை வருகிறவர்களைப் படிக்கச் சொல்வது என் வேலை. எழுத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அட்டையில் இருக்கிற வரிசையில்தான் தெரியும், அதுவும் கீழே போகப் போகச் சின்னதாக.

வகுப்பு நடந்தது கம்பெனியின் சாமான் கொட்டகையில். கம்பிக்கயிறு சுற்றி வருகிற மர உருளைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். கரும்பலகை கிடையாது. பழைய லிஃப்ட் கதவு ஒன்றைச் சாத்தி வைத்து அதில் எழுதினார்கள். எழுதப் போகிறவருக்குத் தன் முகமே எதிரே தெரியும். பாதிப் பேர் எழுதாமல் மீசையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

மிஸ் எங்கள் எல்லோரையும் விடச் சின்னவள். கிரீஸ் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வாக்கியத்துக்கு நடுவில் தும்முவாள். தும்மல் வருகிற இடத்தில் கமா போட வேண்டும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

முதல் வாரமே வேலையில் யார் யார் ஜோடியோ அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகச் சொல்லிவிட்டாள். நடுவில் உட்கார்ந்திருந்த என்னைக் கிளப்பினாள். அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“வாட் இஸ் யுவர் ஹாபி?” என்றார் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்து.

“வாட் இஸ் யுவர் ஹாபி?” என்றான் தம்பி.

தன்னிடம் திருப்பிக் கேட்கிறான் என்று நினைத்து அவர், “மை ஹாபி இஸ் ஸ்லீப்” என்றார்.

“மை ஹாபி இஸ் ஸ்லீப்” என்றான் தம்பி.

மிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தம்பியிடம், “அண்ணா, நீங்க உங்க பதிலச் சொல்லணும். அவர் பதிலச் சொல்லக்கூடாது” என்றாள். அவன் தலையாட்டினான். அடுத்த கேள்விக்கும் அதையேதான் செய்தான். வீட்டுக்காரரும் சளைத்தவர் இல்லை. தம்பி ‘ஆப்பிள் இஸ் ரெட்’ என்றால் இவரும் ‘ஆப்பிள் இஸ் ரெட்’ என்பார், அதுவும் பத்து மாடிக்குக் கேட்கிற குரலில். பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. கடைசியில் மிஸ் கதவுப் பலகையில் பெரிதாக எழுதியே வைத்தாள்: அடுத்தவர் பதிலைத் திருப்பிச் சொன்னால் காப்பி. காப்பி அடித்தால் மார்க் இல்லை.

அன்றைக்குத் தெருவில் நடந்து வரும்போது தம்பியைச் சீண்டினேன். “என்னடா, பேசமாட்டேன்னே. பேசிட்ட?”

“அது இங்கிலீஷ், அக்கா. ஒரு வார்த்தை பேசமாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு வேர்ட் பேசமாட்டேன்னு சொல்லல” என்றான்.

இவனை எங்கள் அம்மா வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு வாசல் திறந்தது. சோற்றுப் பாத்திரத்தை வாசலில் வைப்பதை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுத்து நிற்க வைத்தேன். தம்பி வந்தான். இரண்டு பேரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

“ஹவ் இஸ் யுவர் ரூம்?”

“மை ரூம் இஸ் ஸ்மால்.”

“இஸ் தேர் மஸ்கிட்டோ?”

“தேர் ஆர் மெனி மஸ்கிட்டோஸ்.”

மறுநாள் என் பையில் ஒரு கொசுவலை இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “கடைக்காரன் சும்மா குடுத்தான். நமக்கு எதுக்கு? யாராவது தேவைப்பட்டவங்களுக்குக் குடு” என்றார் என் வீட்டுக்காரர். கொசுவலை சும்மா கொடுக்கிற கடை எது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நான் பாத்திரத்தைச் சுமாராகத்தான் தேய்த்தேன்.

நிகழ்காலம் படித்தவரை இப்படி நிம்மதியாகப் போயிற்று. ‘இருக்கிறேன்’, ‘சாப்பிடுகிறேன்’, ‘தூங்குகிறேன்’ என்கிற வரையில் அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் அங்கேயே புத்தகத்தை மூடியிருப்பேன். மிஸ் ஒரு பக்கம் புரட்டினாள், இறந்தகாலம் வந்துவிட்டது.

“ஆளுக்கு மூணு வாக்கியம் சொல்லுங்க” என்றாள்.

தம்பி எழுந்தான். “ஹி டோல்டு. தே வென்ட். ஐ லாஸ்ட்.”

என் வீட்டுக்காரர் எழுந்தார். “ஐ டிட் நாட் டெல் பேட்.”

“யூ டோல்டு த்ரீ ஃப்ளோர்ஸ்.”

“ஐ டோல்டு ஃபார் யூ.”

மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சரளமாக யாரும் பேசியதில்லை என்றாள். எதிர்மறை வாக்கியம் சரியாக வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரரைப் பாராட்டினாள். இரண்டு பேருக்கும் காது சிவந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சோற்றுப் பாத்திரம் மறுபடி வாசலுக்குப் போயிற்று. நான் வாணலியின் அடிக்கரியைச் சுரண்ட உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தேர்வு நெருங்கியது. சொற்பொருளில் தம்பி கெட்டிக்காரன், அகராதியைக் குழிக்குள் எடுத்துப்போய்ப் படித்தான். பேச்சு என்றால் மென்று விழுங்குவான். என் வீட்டுக்காரருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் வாய் திறந்தால் மூடமாட்டார். இரண்டு பேரையும் ஒன்றாகத் தைத்தால் ஒரு நல்ல மாணவன் தேறுவான். தனித்தனியாக இருந்ததுதான் என் கவலை.

கடைசிப் பாடமாக அணிகள் வந்தன. உவமைக்கு உதாரணம் கேட்டபோது நான்கூட, கண்ணாடி இல்லாதவர் கண்ணுக்கு ஐந்தாம் வரி எறும்புக் கூட்டம் போல இருக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். பிறகு மிஸ் பலகையில் ஹைபர்போல் என்று எழுதினாள்.

“இது உயர்வு நவிற்சி. பசி உயிர் போகுதுன்னு சொல்றோம். போயிடுதா? வேலை மலை மாதிரிக் கெடக்குன்னு சொல்றோம். உள்ளத விடக் கூட்டிச் சொல்றது.”

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. எழுந்து நின்றார். “மிஸ், அப்ப அது பொய் இல்லையே?”

“பொய் இல்ல சார்.”

அவர் ஜெயித்துவிட்ட தோரணையில் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு தும்மல் போட்டுவிட்டு வாக்கியத்தை முடித்தாள். “கேக்குறவங்களுக்கும் அது கூடுதல்னு தெரியணும். தெரிஞ்சு சிரிச்சாங்கன்னா அணி. தெரியாம நம்பிட்டாங்கன்னா அது பொய்தான்.”

வீடு வரும்வரை அவர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். “கேட்டியா, நான் செஞ்சது அணி” என்று வழியில் மூன்று தரம் சொன்னார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது இரண்டாம் பாதி வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு அது கூடுதல்னு தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருந்தா எதுக்குங்க வீட்டைத் தேடிக்கிட்டு வரப்போறாரு?” என்றேன்.

கையைக் கழுவிவிட்டு அடுப்படி ஜன்னலில் போய் நின்றார். எதிரே தம்பியின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொசுவலை கட்டியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

“நல்ல பொண்ணு, இல்ல?” என்றார்.

“நல்ல பொண்ணு. குழிக்குள்ள பயமா இருக்காதான்னு இவன்கிட்டக் கேட்டா.”

“எனக்கு இது தெரியாதே” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பாவமாக இருந்தது. தெருவைத் தாண்டிப் போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன்.

“சொல்லிடலாம். அவன் திருப்பிச் சொல்லணுமே” என்றார். “திருப்பிச் சொல்லலைன்னா நான் என்ன செய்ய? அங்கயே நிக்கவேண்டியதுதான்.”

தேர்வு நாள் வந்தது. எழுத்துத் தேர்வை இரண்டு பேரும் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டார்கள். பேச்சுத் தேர்வை ஜோடி ஜோடியாக நடத்தினார்கள். அதே கொட்டகையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அவருக்கு நம் பேச்சு ஒரு சொல்கூடத் தெரியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத் தாளைப் படித்தார். பவர் மாற்றி இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அடுத்தது என் முறை என்பதால் என்னைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மிஸ் மூலையில் கைக்குட்டையோடு நின்றாள்.

முதலில் தம்பியிடம் ரெஸ்க்யூ என்றால் என்ன பொருள் என்று கேட்டார். “டேக் அவுட், சார். பீப்பிள். ஃப்ரம் லிஃப்ட்” என்றான். தேர்வாளர் சிரித்து மார்க் போட்டார். இன்னும் ஒரு பதில் சரியாகச் சொன்னால் தேறிவிடுவான்.

அடுத்து என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, ஹைபர்போலுக்கு ஒரு உதாரணம் கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். எழ வேண்டிய அவசியமே இல்லை. “சார், மை பிரதர்-இன்-லா ஹேஸ் எ ஹவுஸ். த்ரீ ஃப்ளோர்ஸ்.”

மூன்று மாடி வீடு ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறதே, இதில் மிகை எங்கே என்று தேர்வாளர் கேட்டார்.

“நோ சார். ஹி ஹேஸ் ஒன்லி ஒன் ரூம். ஐ டோல்டு த்ரீ ஃப்ளோர்ஸ் டு தி கேர்ள்ஸ் ஃபாதர். ஹி பிலீவ்டு.” மிஸ் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “ஸோ, நாட் ஹைபர்போல், சார். லை. ஷி வாஸ் குட் கேர்ள். மிஸ்டேக் இஸ் மைன்.”

அதோடு நிறுத்திவிட்டார். தேர்வாளரைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மோட்டார் அறையில் அவர் அப்படித்தான் நிற்பார். மேலே சொல்லுங்கள் என்றார் தேர்வாளர். அசையவில்லை. உட்காருங்கள் என்றார். அதற்கும் அசையவில்லை.

என்ன நடக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மிஸ்ஸும் புரிந்துகொண்டாள். தம்பியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். திருப்பிச் சொன்னால் மார்க் இல்லை என்பதை அவள் பலகையிலிருந்து அழிக்கவே இல்லை, அவள் தலைக்குப் பின்னால் அது அப்படியே இருந்தது. தம்பி அதைப் படித்தான். படித்து முடித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். மார்க் போனால் ரயிலேற வேண்டும். பேசாமல் இருந்தால் இந்த மனிதர் இப்படியே நிற்பார். எனக்கு அந்த நேரம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. இரண்டையும் வேண்டிக்கொண்டேன்.

“மிஸ்டேக் இஸ் மைன்” என்றான் தம்பி.

குழியிலிருந்து கத்துகிற அதே குரல். தேர்வாளரின் பேனா கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் பேனாவைக் குனிந்து எடுத்தார். அடுத்தவர் பதிலை அப்படியே சொல்வது காப்பி, இந்தச் சுற்றில் இவருக்கு மார்க் கிடையாது என்றார். மிஸ் ஓடிவந்து இது இவர்கள் வேலைப் பழக்கம் என்று படபடவென்று ஏதோ விளக்கினாள். நடுவில் இரண்டு தும்மல் வேறு. விதி விதிதான் என்றார் அவர்.

உட்கார்ந்தவர் மறுபடி எழுந்துவிட்டார். “சார், யூ டோன்ட் நோ. ஹி இஸ் தி பெஸ்ட் மேன் இன் தி வேர்ல்ட். இஃப் ஹி இஸ் இன் தி பிட், ஐ ஹேவ் நோ ஃபியர். இஃப் ஹி கோஸ், ஆல் தி லிஃப்ட்ஸ் வில் க்ரை, சார்.”

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, கேட்ட உதாரணம் கிடைத்துவிட்டது என்று இவருக்கு மார்க் போட்டார். தம்பி பக்கம் திரும்பி, சரி, இன்னொரு கேள்வி கேட்கிறேன் என்றார். இப்போது இவர் பேசியது என்ன அணி?

தம்பி யோசிக்கவே இல்லை. “ஹைபர்போல், சார்.”

தேர்வாளர் தலையாட்டிவிட்டு மார்க் போடக் குனிந்தார். பேனா தாளைத் தொட்டது.

“நோ சார்” என்றார் என் வீட்டுக்காரர். “நாட் ஹைபர்போல். திஸ் டைம் இட் இஸ் ட்ரூ.”

பேனா நின்றுவிட்டது. அவர் சொல்வது உண்மை என்றால் தம்பியின் பதில் தப்பு. இந்த மனிதரை என்ன செய்தால் தகும். இடிக்கலாம் என்றால் என் கால் அவ்வளவு தூரம் எட்டாது. பாசத்தில்கூட அளவாக இருக்கத் தெரியாத ஒருத்தரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். தேர்வாளர் இரண்டு பேரையும் பார்த்தார். எது சரி என்று கேட்டார். “ட்ரூ, சார். எவ்ரி வேர்ட் ட்ரூ” என்று இவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தம்பி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தான்.

“உக்காருங்க மாமா. மார்க் போயிடப்போகுது.”

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். அந்த ‘மாமா’வைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. கொட்டகையில் யாருக்கும் அது பெரிய விஷயம் இல்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. எதிரே இருந்த பலகையில் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை.

தேர்வாளருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் ஏதோ சொல்ல, ஒருவர் உட்கார, சுவரோரம் ஒரு பெண் அழ, என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அடுத்து என் முறை என்பதால் என்னைக் கூப்பிட்டார். அவன் இப்போது சொன்னதற்கு என்ன பொருள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள், இதுவே உங்கள் முதல் கேள்வி என்றார்.

எழுந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றேன். சொல்லுக்குச் சொல் எனக்குத் தெரியும். உட்காருவதற்கு என்ன, மார்க்குக்கு என்ன, மாமாவுக்குப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் அவன் சொன்னது இல்லை.

“ஹி இஸ் கமிங் ஹோம், சார்” என்றேன்.

தேர்வாளர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, சரிதான் என்று தலையசைத்தாள். அவர் குனிந்து, தம்பிக்கு நிறுத்திவைத்திருந்த மார்க்கைப் போட்டுவிட்டு, எனக்கும் ஒன்று போட்டார்.